துணிசோப்புக்குள் கல்மாவு வந்த கதை

உவர்மண் அள்ளி வெளுத்த காலத்தில் சோப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அந்த மண்ணில் வேலை செய்வது சோடியம் கார்பனேட். மண்ணைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் துணியை நனைத்து ராத்திரி முழுக்க வெள்ளாவியில் வைத்தால், துணியில் ஏறிய வியர்வைக் கொழுப்பிலேயே ஒரு பங்கு சோப்பாகி அழுக்கைக் கழற்றிவிடும். பட்டுக்கு மட்டும் ஆகாது, காரம் இழையைத் தின்றுவிடும். அதற்குப் பூந்திக்கொட்டைதான்.

பிறகு வந்தது கட்டிச் சவுக்காரம்: எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக சுமார் 183 கிராம் காஸ்டிக் வேண்டும். இலுப்பை எண்ணெய்க்கு ஏறக்குறைய 136 போதும். எண்ணெயை மாற்றிவிட்டு காஸ்டிக் அளவை மாற்றாமல் விடுவதால்தான் பல வீட்டுச் சோப்புகள் கையை எரிக்கின்றன. காஸ்டிக் மிஞ்சாமல் இருக்க, தேங்காய் எண்ணெய்க்கு 175 கிராமோடு நிறுத்துங்கள். 350 மில்லி தண்ணீரில் காஸ்டிக்கைத்தான் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும், எவர்சில்வர் எடுங்கள். எண்ணெயும் காஸ்டிக் கரைசலும் 40 டிகிரிக்கு வந்ததும் சேர்த்து, மோர்க்குழம்புப் பதம் வரும்வரை கிண்டி அச்சில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய்க் கட்டி சீக்கிரம் இறுகும். அன்றைக்கே வெட்டாமல் மறுநாள் கத்தி வைத்தால் நொறுங்கும். 4 வாரம் காற்றாட வேண்டும்.

எண்ணெயைக் குறைக்கச் சேர்த்தது சோடியம் சிலிகேட். அளவோடு இருந்தால் கட்டி சீக்கிரம் கரையாது. மிஞ்சினால் வெள்ளை பூத்து வெடிக்கும்.

சவுக்காரத்தைத் தோற்கடித்ததில் உப்புத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் துணியில் ஒட்டும், வெள்ளைச் சட்டை மங்கிப்போகும். டிடர்ஜென்டில் இந்தத் தொல்லை குறைவு. இந்தியாவில் 1959-ல் சர்ஃப் பவுடரும் 1969-ல் ரின் கட்டியும் வந்தன.

இந்த டிடர்ஜென்ட் கட்டிகளில் எண்ணெய்க்குப் பதில் லாப்சா என்ற அமிலம். 100 கிராம் லாப்சாவைச் சமனாக்க 17 கிராம் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) போதும். ஆனால் விலை குறைந்த கட்டிகளில் சோடா அதைவிடப் பல மடங்கு. கூடவே கால்சைட், டோலமைட் என்ற கல்மாவுகள், சீனாக் களிமண். கட்டி கனமாக இருப்பதற்கும் அழுக்குப் போவதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகமா? கொஞ்சம் சீவி வெந்நீரில் கரைத்து ராத்திரி விடுங்கள். கல்மாவு இருந்தால் அடியில் படியும். தெளிந்ததை மட்டும் வேறு டம்ளரில் இறுத்து, சூடாக்கி, புளிப்பு ஏறும்வரை வினிகர் விடுங்கள். சவுக்காரமானால் பால் போல் திரிந்து கொழுப்பு மேலே மிதக்கும். டிடர்ஜென்டானால் சோடா பொங்கி அடங்கும், கொழுப்பு பிரியாது.