டைபாய்டின் உறவுக்காரன்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். சால்மொனெல்லா பாக்டீரியா என்றாலே எனக்கு மழைக்கால டைபாய்டுதான். அதன் உறவுக்காரன் டைபிமூரியத்தைக் கட்டியைத் தாக்கவென்று புற்றுநோயாளியின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்றதும் காசிமேட்டுச் சித்தி, "ஏம்மா, இருக்கிற நோய் போதாதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் கட்டியின் நடுவில் ஆக்சிஜன் குறைவு, நோயெதிர்ப்புச் செல்களின் காவலும் தளர்வு. மருந்து எளிதில் எட்டாத அந்த இடத்தில் சில பாக்டீரியாக்கள் சுகமாகக் குடியேறிவிடுகின்றன. டைபிமூரியத்தின் வி.என்.பி.20009 என்ற வகையில் நச்சுத்தன்மை குறையவும், டி.என்.ஏ.வுக்குத் தேவையான பியூரினைத் தானே தயாரிக்க முடியாமல் போகவும் மரபணுக்களை நீக்கினார்கள். 2002இல் வெளியான முதல்கட்டச் சோதனையில், பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களின் உடல் அதைத் தாங்கிக்கொண்டது, கட்டிகள்தாம் சுருங்கவில்லை. எலியிடம் காட்டிய வீரம் மனிதரிடம் செல்லவில்லை.

2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் ஈ.கோலை பாக்டீரியாவை வேறு விதமாக மாற்றினார்கள். கட்டிக்குள் கூட்டம் பெருகியதும் அது தானே வெடித்து, புற்றுச்செல்லின் 'என்னைத் தின்னாதே' அடையாளமான சிடி47ஐ மறைக்கும் மருந்தைக் கொட்டும். ஊசி போடாத கட்டிகளின் வளர்ச்சியும் தடைப்பட்டது. இதுவும் எலிதான், தெரியும். ஆனாலும் கொஞ்சம் பொறாமையோடுதான் வாசித்தேன்.