பதினொன்றாம் வளைவு

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று முறை நினைவூட்டி விட்டார்கள். விடுதிச் சாப்பாடு, ஆண்டு விழா நாடகம், தலைமை ஆசிரியரின் பிரம்பு என்று எல்லாவற்றையும் முந்தைய மலர்களில் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பவர் தாவரவியல் சார் மட்டும்தான். 1983-85 பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் போடவில்லை. உயிரோடு இருந்தபோதே பேப்பரில் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது.

எல்லாப் பள்ளிகளிலும் சூழ்நிலையியல் கடைசிப் பாடம். இப்போது சூழலியல் என்கிறார்கள். மார்ச் நெருங்கும்போது "இதை நீங்களே படிச்சுக்கங்க" என்று தள்ளிவிடுவார்கள். சார் அதைத்தான் ஜூன் மாதமே முதலில் எடுத்தார். "மத்த பாடத்துல வர்றது அட்டையில ஒட்டின செத்த செடி. இது உசுரோட இருக்கிறதப் பத்தினது. உங்களுக்குத் தூக்கம் வர்றதுக்கு முந்தி நடத்திடணும்" என்றார்.

இரண்டாவது வாரமே விடுதிப் பையன்கள் ஆறு பேரைக் காலை ஐந்தரைக்கு ஆய்வகத்தின் பின்பக்கம் வரச் சொன்னார். அங்கே உடைந்த தொட்டிகளில் ரணகள்ளி வளர்ந்திருக்கும். சின்ன வயதில் நாமெல்லாம் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துக் குட்டி போட்டதா என்று தினமும் திறந்து பார்ப்போமே, அந்தக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' இலைதான். ஆளுக்கொரு துண்டு கிள்ளி மென்று துப்பச் சொன்னார். விழுங்கினால் தோலை உரித்துவிடுவேன் என்ற எச்சரிக்கையும் உண்டு. புளியங்கொழுந்து மாதிரி புளித்தது. சாயங்காலம் நாலரைக்கு மறுபடியும் அதே செடி, அதே ஆறு நாக்கு. புளிப்பைக் காணோம். சப்பென்று இருந்தது.

"ராத்திரி எவன்டா வந்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டுப் போனது?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பதில் மறுநாள்தான். சாதாரணச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகிறது. திறந்த கதவு வழியே தண்ணீரும் ஆவியாக வெளியேறிவிடும். ரணகள்ளி அப்படியில்லை. வெயில் இல்லாத இரவில் கதவைத் திறந்து வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதை வைத்துச் சமைக்கிறது. விடியற்காலைப் புளிப்பு அந்தச் சேமிப்பு. மாலைக்குள் செலவாகிவிடும். மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் இதையே கவனித்து லண்டனுக்குக் கடிதம் எழுத, அது 1815-இல் அச்சாகியிருக்கிறது. காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. அவர் வைத்திருந்த கருவியும் நாக்குதான். சார் அதைச் சொன்னபோது எங்கள் ஆறு பேருக்கும் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரன் செய்ததையே செய்துவிட்டோமாம்.

அடுத்து ஏற்காடு. சுற்றுலா என்று வீட்டில் காசு வாங்கிக்கொண்டு வந்தோம். வேனில் ஏறும்போதே ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டார். எனக்குத் தெர்மாமீட்டர். சேலம் பக்கத்து மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேன் நிற்கும். நான் இறங்கி, நிழலில் இரண்டு நிமிடம் பிடித்து, நோட்டில் எழுத வேண்டும். இன்னொருவன் கண்ணில் படும் மரங்களை எழுதுவான். மூன்றாமவனின் கதைதான் பாவம். அவன் கையில் இரண்டாவது தெர்மாமீட்டரையும் ஒரு கைக்கடிகாரத்தையும் கொடுத்து அடிவாரத்திலேயே ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெயிலும் ஏறும் அல்லவா? கீழே எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் மேலே எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? கால்மணிக்கு ஒருமுறை அவன் எழுதினான். ஏற்காடு ஏரியைப் பார்க்காமலே ஏற்காடு போய்வந்த ஒரே ஆள் அவன்தான். இப்போது டொராண்டோவில் இருக்கிறான். பெயரை எழுதினால் அடுத்த கூட்டத்தில் என்னை அடிப்பான்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 சொச்சம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது புத்தகக் கணக்கு. கீழே இருந்தவன் கணக்கையும் கழித்துப் பார்த்தபோது எங்களுக்கு மொத்தம் ஏழரை வந்தது. "சனி பிடிக்கிற நம்பரா இருந்தாலும் சரியான நம்பர்" என்றார் சார்.

ஒரே ஒரு குறை. பதினொன்றாம் வளைவுக்கு எதிரே என் நோட்டில் எதுவும் இல்லை. அங்கே நான் தெர்மாமீட்டரை அடுத்தவனிடம் கொடுக்கக்கூட அவகாசம் இல்லாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிடட்டுமா என்று சாரிடம் கேட்டேன். "பத்து நீ பார்த்தது. பன்னெண்டும் நீ பார்த்தது. பதினொண்ணுல நீ பார்த்தது வாந்தி. அதையே எழுதிடு" என்றார். எழுதினேன்.

அன்றைக்கு மேலே பார்த்தவற்றில் ஒன்று மட்டும் இன்றும் பசுமையாக நிற்கிறது. அடிவாரத்துப் பாறைகளில் சதுரக்கள்ளி பார்த்திருந்தோம். இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, தண்டே பச்சையாக இருந்து சமையல் செய்கிறது. காய்ந்த கரட்டில் அப்படி வாழ்வது நியாயம்தான். மேலே தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மரக்கிளையில் தொற்றி வளரும் செடிகள், வெள்ளை வெள்ளையாக அந்தரத்தில் தொங்கும் வேர்கள். பனி மூடி, எங்கள் சட்டை ஈரமாகிக் கொண்டிருந்தது. "இதுல பல ஜாதி, அடிவாரத்துக் கள்ளி மாதிரியே ராத்திரிதான் கதவத் திறக்கும். ஏன்?" என்று கேட்டார். இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? யாரும் வாய் திறக்கவில்லை. கிளையைத் தட்டிக் காட்டினார். மண் எங்கே இருக்கிறது? மழை நின்ற அரைமணியில் பட்டை காய்ந்துவிடும். ஊரெல்லாம் ஈரமாக இருந்தாலும் அந்தச் செடி இருக்கும் நாலு அங்குலம் பாலைவனம். வேரைச் சுற்றியிருந்த வெள்ளை உறை பஞ்சு மாதிரி, மழை விழும்போதே உறிஞ்சி வைத்துக்கொள்வதற்கு. ஒரு உயிர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்காதே, அந்த ஊரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்று கேள் என்பார். தகவமைப்பு என்ற பாடத்தை அதற்கப்புறம் நான் படிக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

சரி, பூஜ்யம் வாங்கிய கதைக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வில் 'சூழ்நிலை மண்டலத்தில் ஆற்றல்' என்று பத்து மதிப்பெண் கேள்வி. இரண்டு பக்கம் எழுதி, வட்டமாக அம்புக்குறிகள் போட்டு, 'ஆற்றல் சுழற்சி' என்று தலைப்பும் கொடுத்திருந்தேன். சூரியன், புல், ஆடு, மனிதன், மண், மறுபடி புல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்துக்குப் பூஜ்யம். கையெழுத்துக்காவது ஒன்று போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை தன் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குக் கூட்டிப்போனார். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்), தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குருணையாக்கி வறுத்துக் களத்தில் காயவைப்பார்கள். கண் கூசும் வெள்ளை. மாவு போக மிச்சம் வரும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதையும் பாறைமேல் காயவைத்து மாட்டுத் தீவனமாக விற்றுவிடுவார்கள். வழியிலேயே ஒரு தோட்டத்தில் அந்தத் திப்பியைத் தின்னும் மாடுகளையும், அவற்றின் சாணம் குவிந்த எருக்குழியையும் காட்டினார்.

"கையை உள்ள விடு" என்றார்.

முழங்கை வரைக்கும் விட்டேன். சுட்டது. மார்கழிக் குளிரில், வெளியே பனி ஈரம் காயாத எருக்குழியின் உள்ளே வெந்நீர் அண்டா மாதிரி இருந்தது.

"போன சித்திரையில காட்டுல அடிச்ச வெயில் அது. கிழங்குல ஏறுச்சு, திப்பியில கொஞ்சம் தங்குச்சு, மாடு பாதிய ஒடம்புச் சூடாக்கிடுச்சு, மிச்சத்த இப்ப கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்னு சூடா விடுது. இந்த எருவ நாளைக்கு வயல்ல போடுவாங்க. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் திரும்பக் கிழங்குக்குப் போகும். இந்தச் சூடு போகுமா? வானத்துக்குப் போயிரும். சத்து சுத்தும்டா, சக்தி சுத்தாது."

திரும்பி வரும்போது கையை நான் எங்கே துடைத்தேன் என்பது அவர் சட்டைக்குத்தான் தெரியும்.

பத்தில் ஒன்று கணக்கை விடுதிச் சாப்பாட்டை வைத்தே சொன்னார். புல் பிடித்து வைத்த ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆட்டின் உடம்பாகிறது, ஆட்டிலிருந்து அதைத் தின்பவனுக்கும் அதே மாதிரி. புல்லே தன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் பிடிப்பதில்லை. ஆட்டுக்கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் என்று வார்டனைக் கேட்டால் பணம் இல்லை என்பார், என்னைக் கேட்டால் வெயில் இல்லை என்பேன், இரண்டும் ஒரே பதில்தான் என்றார். மூக்கனேரி நிறைய மீன் இருக்கும்போது மேலே ஒன்றிரண்டு பருந்துக்கு மேல் சுற்றாததும், உணவுச் சங்கிலி நாலைந்து கண்ணியோடு நின்றுவிடுவதும் இதனால்தான். பத்து என்பதும் கல்வெட்டு இல்லை, ஐந்தாகவும் இருக்கும் இருபதாகவும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுவார்.

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் பாக் என்ற சின்ன ஏரியில் வருடக்கணக்காகப் பாசியையும் பூச்சியையும் எண்ணினார். கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏரி ஒன்றைப் பார்த்துவிட்டு இவ்வளவு பெரிய தத்துவம் பேசுகிறாயே என்ற ஆட்சேபணை. ஒருவழியாக 1942 அக்டோபரில் அது வெளிவந்தபோது அவர் இல்லை. ஜூனிலேயே இறந்துவிட்டார். வயது 26. எங்களுக்கு அப்போது 17. வகுப்பில் அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் இப்போது இருப்பது பிரிஸ்பேனில். வந்த முதல் அக்டோபரில் தெருமுனையில் ஒரு பெரிய மரம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்து, வண்ணக் கிளிகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். இலையைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. நம் சில்வர் ஓக். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக வரிசையாக நட்டு, கிளை கழித்து, மிளகுக் கொடி ஏற்றிவிடுவார்களே, அதுவேதான். இதற்குச் சொந்த ஊர் இந்தக் கிழக்கு ஆஸ்திரேலியாதான். பாஸ்பரஸ் குறைந்த இந்த மண்ணில் பிழைப்பதற்காக வேர்நுனிகளைக் கொத்துக் கொத்தாகக் கிளைத்துக்கொள்ளும் மரம். அந்தக் கிளிகளின் நாக்கு நுனியிலோ தேனை வழிப்பதற்கென்றே பிரஷ் மாதிரி ஒரு அமைப்பு. சேர்வராயன் மலையில் அந்த மரத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு குடும்பம் இருந்ததே தெரியாது. சாருக்கு ஏரோகிராமில் எழுதினேன். ஒரே வரிப் பதில் வந்தது: "கிளி ஒரு நாளைக்கு எத்தனை பூ என்று எண்ணினாயா?" எண்ணவில்லை.

ரணகள்ளியின் உறவுக்காரச் செடி ஒன்று இங்கே மாடுகளைக் கொல்லும் களை என்று பட்டியலில் இருக்கிறது. விழுங்கினால் தோலை உரிப்பேன் என்று அவர் ஏன் சொன்னார் என்பது அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

2024 ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். ஆத்தூர்ப் பக்கம் சித்தப்பா பையன் இன்னும் குச்சிக்கிழங்குதான் போடுகிறான். கேரளத்தில் 2020-இல் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி இங்கேயும் வந்து, குருத்தெல்லாம் சுருண்டு கொத்தாகிப் போயிருக்கிறது. மேலே மெழுகுப் பொடி, ஒளிந்திருப்பதோ சுருண்ட குருத்துக்குள். மருந்து உள்ளே போகவில்லை. பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து கண்டம் தாண்டி வந்துவிட்டது, அதைத் தின்னும் எதிரி வரவில்லை. ஆப்பிரிக்காவில் 1970-களில் இதே கதை நடந்து, 1981-இல் பராகுவேயில் அதன் எதிரியான ஒரு குட்டிக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். "கொசு மாதிரிதாங்கண்ணா இருக்குது. பூச்சிக்குள்ளயே முட்டை வெச்சிருது" என்றான் தம்பி. குளவி வந்தபின் எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். "நெறைய" என்றான். சார் இருந்திருந்தால் அவனையும் ஒரு நோட்டு வாங்கச் சொல்லியிருப்பார்.

மறுநாள் பழைய பையன்கள் ஏழு பேர் வேன் பிடித்து ஏற்காடு போனோம். புளியமரத்தடிக்காரனும் டொராண்டோவிலிருந்து வந்திருந்தான். இந்தமுறை முன்சீட்டில் உட்கார்ந்தான். அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த 1984 நோட்டு என் மடியில் இருந்தது. பதினொன்றாம் வளைவில் நிறுத்தச் சொன்னோம். மருந்துக்கடையில் வாங்கிய தெர்மாமீட்டர் இதற்கு உதவாது என்று ஒருவன் முன்யோசனையாக ஆய்வகத் தெர்மாமீட்டரே கொண்டுவந்திருந்தான். நிழலில் இரண்டு நிமிடம். 24 டிகிரி.

"போடுடா, நாப்பது வருஷமாக் காலியா இருக்குது" என்றார்கள்.

அந்தக் கட்டத்தில் 'வாந்தி' என்று என் பழைய கையெழுத்து இருந்தது. அதைத் தொடவில்லை. பக்கத்தில், நீல மையில், தேதி போட்டு எழுதினேன்.

"கீழே இப்ப எவ்வளவு?" என்று முன்சீட்டிலிருந்து குரல் வந்தது.

யாரையும் உட்கார வைத்துவிட்டு வரவில்லை.