பஞ்சர் வாக்குவாதம்

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் செருகிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாமா? வண்டிப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். திரி அவசரத்துக்குத்தான். அப்புறம் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்த்தே ஆக வேண்டும். காற்றிறங்கிய டயரில் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தாலும் பக்கச்சுவர் உள்ளுக்குள் நசுங்கித் தேய்ந்திருக்கலாம். தடவினால் கறுப்பு ரப்பர் தூள் கையோடு வரும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அப்படித் தூள் வந்தால் ஒட்டுப் போடும் பேச்சே வேண்டாம், டயரை மாற்றுங்கள். கார் டயரென்றால் தரையில் படும் பகுதியில், 6 மி.மீ. வரையுள்ள துளையை மட்டும், துளையையும் அடைத்து உள்ளே பேட்ச்சும் வைத்துச் சரிசெய்வதுதான் முறை. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. அங்கே ஒட்டை நம்பவே கூடாது.

"திரி போட்டு டயர் தேயும்வரை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர் பொய் சொல்லவில்லை. அவரை முட்டாள் என்று திட்டினால் பேச்சு அங்கேயே முறியும், அவரும் பழையபடியே ஓட்டுவார். இது உயிர் விஷயம், அதனால்தான் பொறுமையாகப் பேசச் சொல்கிறேன். துளை எங்கே இருந்தது, எவ்வளவு பாரம், என்ன வேகம், உள்ளே பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஆளில்லாத ரோட்டில் ராத்திரி நின்றால் திரிதான் கைகொடுக்கும் என்று அவர் சொன்னால், சரி, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக ஓட்டி, காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே கடைக்குப் போய்ச் சேருங்கள்.