ஒரிஜினல் வின்டோஸ் என்று விற்ற லெப்டொப்: கொழும்பில் முறைப்பாடு செய்து தீர்த்த வழி

"ஒரிஜினல் வின்டோஸ் போட்டுத் தாறம்" என்று அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு, கள்ளப் பிரதியை ஏற்றிக் கொடுக்கும் கடைகள் கொழும்பில் இருக்கின்றன. அப்படி ஒரு கடையிடமிருந்து உரிய உரிமத்தைப் பெற்ற வழி இது.

பலர் சறுக்குவது தொடக்கத்திலேயே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளின் உரிமையாளரைக் காப்பது. மீறியவருக்கு நீதவான் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தத் தண்டப்பணம் வாங்கியவர் கைக்கு வராது. உங்களுக்கு உதவுவது அதே ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 30ஆம் பிரிவு வாங்குபவரை ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது. ஆகவே முறைப்பாட்டுக் கடிதத்தைப் பைரசி பற்றிய குற்றச்சாட்டாக எழுத வேண்டாம். "ஒரிஜினல் என்று சொல்லி விலை வாங்கினார்கள், தந்தது ஒரிஜினல் அல்ல" என்று எழுதுங்கள்.

அதை நிரூபிக்க லெப்டொப்பே போதும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி' (slmgr /dlv) என்ற கட்டளையைக் கொடுத்தால் உரிம விவரம் வரும். அதில் ஓஇஎம் (கணினித் தயாரிப்பாளர் ஏற்றிக் கொடுப்பது) அல்லது ரீட்டெயில் (தனியாக விற்பது) என்று இருப்பது வழமை. வொல்யூம், ஜிவிஎல்கே என்று இருந்தால், அது பல கணினிகளுக்கு மொத்தமாக உரிமம் வாங்கும் நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் முறை. நிறுவனத்துக்குள் ஒரு சேர்வர் வைத்து, குறைந்தது 25 கணினிகள் சேர்ந்தால்தான் வின்டோஸுக்கு அந்த முறை இயங்கும். வீட்டுக்கு வாங்கிய ஒற்றை லெப்டொப்பில் அதற்கு வேலையே இல்லை. சேர்வர் முகவரி 127 என்று தொடங்கினால், கணினி தனக்குத்தானே சேர்வராக நடிக்கிறது என்று பொருள். அதே கட்டளையில் '/டிஎல்வி'க்குப் பதிலாக '/எக்ஸ்பிஆர்' (/xpr) என்று கேட்டால் காலாவதித் திகதியும் தெரியும். கேஎம்எஸ் உரிமம் ஒரு தடவைக்கு 180 நாள்தான் செல்லும். "நிரந்தரம்" என்று வந்தாலும் முழுதாக நம்ப முடியாது, அப்படிக் காட்டவைக்கும் கள்ளக் கருவிகளும் உண்டு. வைரஸ் காப்பில் விதிவிலக்காக, அதாவது சோதிக்காமல் விடும்படி, ஏதாவது கோப்புறை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கருவிகளைப் போடுபவர்கள் பெரும்பாலும் அதைச் செய்துவிட்டுத்தான் போவார்கள், உங்கள் வங்கிக் கடவுச்சொல் இருக்கும் கணினியில் அது பெரிய ஆபத்து.

இவை எல்லாவற்றையும் திகதியும் நேரமும் தெரியப் படமெடுங்கள். அதற்கு முன் ஃபோர்மட் செய்யவே கூடாது. கோபத்தில் முதல் நாளே ஃபோர்மட் செய்தவரிடம் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

அடுத்தது பில். அதில் "லெப்டொப்" என்று மட்டும் இருந்தால் வழக்கு மெலியும். அப்போது வட்ஸ்அப்பில் வந்த விலைக்கூற்றும் கடையின் விளம்பரமும்தான் துணை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஒரு செய்தி செல்லாததாகிவிடாது. உரையாடலை இடையில் வெட்டாமல் முழுதாக ஏற்றுமதி செய்து, இலக்கம் தெரியும்படி அச்செடுங்கள். செய்தி தானாக அழியும் அமைப்பு இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கடைக்கு முதலில் எழுத்தில் கேளுங்கள்: உரிமமா, பணமா, எத்தனை நாளுக்குள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். "இன்னும் கொஞ்சம் காசு தந்தால் ஒரிஜினல் போட்டுத் தாறம்" என்ற பதில் வந்தால் அதையும் சேமியுங்கள்; ஏற்கெனவே தந்தது ஒரிஜினல் அல்ல என்பதற்கு அவர்களே தரும் சாட்சியம் அது.

பதிலுக்காகக் காத்துக் காலத்தைக் கடத்த வேண்டாம். அதிகார சபைக்கான முறைப்பாடு விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பழுதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. கேஎம்எஸ் உரிமம் 180 நாள் தாங்குவதால், அது காலாவதியாகி எச்சரிக்கை வரும்போது இந்தக் கெடு தாண்டியிருக்கும். வாங்கிய வாரத்திலேயே சோதிக்கச் சொல்வது இதனால்தான். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. தமிழிலேயே எழுதலாம். பில், படங்கள், உரையாடல், தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

விசாரணைக்கு லெப்டொப்பைச் சார்ஜருடன் கொண்டுபோய், அங்கேயே கட்டளையை ஓட்டிக் காட்டுங்கள். மீறல் உறுதியானால், நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கடைக்கு உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

எங்களுடையது புதிய உரிமம் தருவதாக முடிந்தது. அங்கேயும் கவனம் வேண்டும். உரிமத்துக்காகக் கணினியில் உள்ளிடும் குறியீடுதான் சாவி. மலிவு விலைச் சாவிகள் பல, ஒரே சாவியைப் பல கணினிகளில் போட நிறுவனங்களுக்குக் கொடுத்த எம்ஏகே சாவிகள். அவை பின்னர் முடக்கப்படலாம். புதிய சாவியைப் போட்டதும் மறுபடி '/டிஎல்வி' ஓட்டி, ரீட்டெயில் என்று வருகிறதா பார்த்து, உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்து, உங்கள் பெயரில் தனிப் பில் வாங்கிய பிறகே தீர்ந்தது என்று கையெழுத்து வையுங்கள்.