இடது கையில் நாடி இல்லை

மிஷின்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் இடது கையில் மூன்று முறை பிரஷர் பார்த்தும் எண் வரவில்லை. வேறு மிஷின் கொண்டுவந்தேன், அதிலும் அப்படியே. வெளியே கூட்டம். சரி என்று வலது கையில் பார்த்தேன். 138 வந்தது. அதைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இங்கே விரலை வச்சுப் பாருங்க, சிஸ்டர்" என்று அவளுடைய இடது மணிக்கட்டைக் காட்டினார். வைத்தேன். சில்லென்று இருந்தது. துடிப்பே இல்லை. வலது கையிலோ நாடி துள்ளியது. கழுத்தெலும்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், ஒடுங்கிய குழாயில் தண்ணீர் சீறுவதுபோல 'உஸ் உஸ்' என்று சத்தம்.

அவளுக்கு வயது 26. பல மாதங்களாக லேசான காய்ச்சல், அசதி, எடைக் குறைவு. துணி காயப்போடக் கையைத் தூக்கினாலே கடுக்கிறது என்று என்னிடமும்தான் சொன்னாள். நான் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டகாயாசு நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியையும் அதன் பெரிய கிளைகளையும் தாக்கும். சுவர் வீங்கித் தடித்து, உள்வழி குறுகும். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டாத பெண்களுக்கு வரும். 1908-இல் இதைப் பற்றிப் பேசிய மிகிடோ டகாயாசு ஒரு கண் மருத்துவர். 21 வயதுப் பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளையமாகப் பின்னிக்கிடந்ததைக் கண்டவர். 'நாடியில்லா நோய்' என்ற பெயரும் இதற்கு உண்டு.

ஸ்கேனில் உறுதியானதும் ஸ்டீராய்டு தொடங்கினார்கள். அப்புறம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையின் பின்பக்கம் பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதி, அவளையே வாசிக்கச் சொன்னேன். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் தனியே உட்காரவைத்துச் சொன்னேன்.

இரண்டாம் மாதம் ஸ்டீராய்டால் முகம் உப்பிப்போய் வந்தாள். "கண்ணாடியே பார்க்கப் பிடிக்கல. நிறுத்திடட்டுமா, சிஸ்டர்?" என்று அழுதாள். ஸ்டீராய்டை வெளியிலிருந்து கொடுக்கும்போது உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், சட்டென்று நிறுத்தினால் ஆள் சரிந்துவிடலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். மருந்து எழுதுவதைவிட அதை விடாமல் சாப்பிடவைப்பதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும்.

இப்போது காய்ச்சல் இல்லை, எடையும் கூடியிருக்கிறது. அவளுடைய சீட்டில் 'பிரஷர்: வலது கை மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் யாருக்கும் முதலில் இரண்டு கையிலும் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறையும் அவள் இடது கையை நீட்டுவாள். "வந்துடுச்சா, சிஸ்டர்?" வரவில்லை. தழும்பேறிக் குறுகிய குழாய் மருந்தால் பழையபடி விரிவது அரிது. சுற்றியுள்ள சிறு குழாய்கள் பெருத்து ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. "துணி காயப்போடும்போது கடுக்குதா?" என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர், போன வாரம் பெட்ஷீட்டே போட்டேன்" என்றாள்.