தடுப்புத் தீவில் தரையைத் தேடுவது

கட்டடங்கள் நெருங்கிய ஒரு தடுப்புத் தீவை (பெருநிலக் கரைக்கு முன்னே கடலோரமாக நீண்டு கிடக்கும் மணல்தீவை) லைடார் கொண்டு, அதாவது லேசர் ஒளி பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரம் கணிக்கும் கருவி கொண்டு அளக்கும்போது, விமானத்திலிருந்து பாயும் லேசர் துடிப்புகள் பலவும் கூரையிலும் மரக்கிளையிலும் பட்டுத் திரும்பிவிடுவதால், அவற்றைக் களைந்து வெறுந்தரையைப் பிரித்தெடுப்பதுதான் உண்மையான வேலை. தூண்களின் மேல் நிற்கும் வீடுகளுக்கு அடியில் வரைபடம் காட்டும் உயரம், பெரும்பாலும் சுற்றிலுமுள்ள புள்ளிகளிலிருந்து கணித்ததே.

1900ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவில் கடற்சுவர் எழுப்பி, வீடுகளைத் தூக்கி நிறுத்தி, அடியில் மணற்குழம்பைப் பாய்ச்சித் தரையையே உயர்த்தினார்கள். அந்த நகரப்பகுதி இன்றும் கடற்சுவரிலிருந்து தீவின் மறுபுறமுள்ள விரிகுடாவை நோக்கிச் சரிகிறது. இத்தகைய தீவுகளில் 10 செ.மீ. பிழைகூடச் சிறிதன்று, ஓதம் பெருகும்போது மழைநீர் வடிகால் வழியே உப்புநீர் தெருவுக்கு ஏறுமா என்பதை அதுவே தீர்மானித்துவிடலாம். மணல்மேடுகளோ ஒரே புயலில் கரைந்துபோகக்கூடியவை என்பதால், அளவெடுத்த தேதி குறிப்பிடாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.