பக்கத்து சுவிட்ச்

காலையில் ஃபேனைப் போடப் போய் டியூப்லைட்டை அணைத்துவிட்டேன். ஏழு வருடமாகப் பழகிய அதே சுவிட்ச் போர்டு!

சட்டென்று நேபாளத்தின் பொக்காராவில் நடந்த விமான விபத்து ஞாபகம் வந்தது.

2023 ஜனவரி 15. காத்மாண்டுவிலிருந்து வந்த எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விமானம், தரையிறங்கப் போகிறது. ஓட்டும் விமானி 'ஃபிளாப்ஸ் 30' என்கிறார்; இறக்கைகளின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புகளை இறக்கச் சொல்கிறார். பக்கத்து இருக்கையிலிருந்து சரி என்று பதிலும் வருகிறது.

ஆனால் கறுப்புப் பெட்டிப் பதிவில் ஃபிளாப் அசையவே இல்லை. அதற்குப் பதிலாக, புரொப்பல்லர்களைக் கட்டுப்படுத்தும் இரண்டு லீவர்களும் கைதவறி இழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணைக் குழுவின் முடிவு.

அந்த லீவர்களை அப்படி இழுத்தால் புரொப்பல்லரின் தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். என்ஜின் ஓடும், ஆனால் விமானத்தை முன்னால் தள்ளாது.

என்ஜினிலிருந்து பவரே வரவில்லை என்று விமானி இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறை. லீவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

72 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

'விமானி தவறு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். அறிக்கை அப்படிப் போகவில்லை. திறந்து இரண்டே வாரமான விமான நிலையம், சுற்றிலும் மலை, வேலைப்பளு, போதாத பயிற்சி என்று கிளறிக்கொண்டே போகிறது.

சாயங்காலம் வந்து பார்த்தால், ஃபேன் சுவிட்சின் மேல் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறார்.